வாளுக்கு ஊமைக்காயம்

இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கிற பிள்ளைகளுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இறப்பர் வாளுக்கு எப்படி வர்ணம் அடிப்பது, மரத் துவக்கை எப்படி இரும்பாகக் காட்டுவது என்றெல்லாம் நான் எழுதப் போவதில்லை. அதை என்னைவிட நன்றாக உங்கள் ஃபோன் சொல்லித்தரும். எல்லோரும் அவசரப்படுகிற நேரத்தில் யாரிடம் என்ன கேட்க வேண்டும் என்பதை மட்டும் அது சொல்லித்தராது. அதை நான் ஒரு சீன வாளிடம்தான் படித்தேன்.

ரொறன்ரோவில் எடுக்கப்படுகிற சினிமாப் படங்களுக்கு ஆயுதங்கள் செய்துகொடுப்பதும், அவை யாரையும் காயப்படுத்தாமல் பார்த்துக்கொள்வதும்தான் ஓய்வுபெறும்வரை என் வேலை. கலியாண வீடுகளில் யாராவது ‘அக்கா என்ன வேலை?’ என்று கேட்டால், ‘கள்ள வாள் செய்யிறன்’ என்பேன். கேட்டவர் அடுத்த மேசைக்குப் போய்விடுவார். சண்டைக்குப் பயந்து யாழ்ப்பாணத்தை விட்டு ஓடிவந்தவள் கடைசியில் வாளும் துவக்கும் செய்து சீவித்தாள் என்பதை நினைத்தால் எனக்கே சிரிப்பு வரும். ஆனால் இந்த வேலையில் எனக்கு ஒரு பெருமை உண்டு. நான் கொடுத்த ஆயுதத்தால் யாருக்கும் ஒரு கீறல்கூட விழக்கூடாது என்று வைராக்கியமாக இருந்தேன்.

பழைய சீனாவில் நடக்கிற கதை ஒன்றுக்கு வேலை வந்தது. சண்டைக் காட்சிகளுக்கு வழக்கம்போல மூங்கில் வாளும் அலுமினிய வாளும் செய்தோம். டிறெக்டருக்கு அது போதவில்லை. ஒரே ஒரு காட்சியில் உண்மையான உருக்கு வாள் இரண்டு மோத வேண்டும், முகத்துக்குக் கிட்டத்தில் தீப்பொறி பறக்க வேண்டும், அந்தச் சத்தமும் உண்மையாக இருக்க வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார். எங்கே போவது? ரொறன்ரோவுக்குப் பக்கத்தில் மார்க்கம் நகரில் ஒரு வெல்டிங் பட்டறையின் பின்பக்கத்தை வாடகைக்கு எடுத்து, பரம்பரை முறைப்படி வாள் அடிக்கிற சீனர் ஒருவர் இருக்கிறார் என்று எனக்குச் சொன்னவள் துளசி.

துளசி ரொறன்ரோவுக்குக் கிழக்கே அஜக்ஸில் பிறந்து வளர்ந்த பிள்ளை. நடிகைகளுக்குப் பதிலாகச் சண்டை பிடிப்பதும் மாடியிலிருந்து விழுவதும் அவள் தொழில். சின்ன வயதிலிருந்தே மார்க்கத்தில் சீன வாள்வித்தை பழகியதால் அந்தப் பாஷையும் ஓரளவு பேசுவாள். இந்தப் படத்தில் அவளுக்கு முதன்முதலாக ஒரு பாத்திரம் கிடைத்திருந்தது. கதாநாயகியை வழிமறித்துக் கொஞ்ச நேரம் திணறடிக்கிற காவல்காரி. டிறெக்டர் கேட்ட அந்த உருக்கு வாள் காட்சி அவளுடையதுதான். கமெரா அவள் முகத்தைக் காட்டப்போகிற ஒரே காட்சியும் அதுதான். ‘இவ்வளவு காலமும் என்ர முதுகைத்தான் எல்லாரும் பாத்தவை, அன்ரி’ என்று பட்டறைக்குப் போகிற வழியில் காருக்குள் சொன்னாள்.

பட்டறைக்காரர் என்னைவிடப் பத்து வயதாவது இளையவர். அந்த ஆளைப் போய் ‘ஷிஃபு’, அதாவது குரு, என்று கூப்பிட முதலில் எனக்கு வாய் வரவில்லை. இரும்பின் கடினத்தைப் பார்க்க நான் கொண்டுபோன அரங்களை மேசையில் அடுக்கினேன். அவர் அவற்றை ஒரு பார்வை பார்த்துவிட்டு, துடைப்பத்தால் தள்ளுவதுபோல் ஓரமாகத் தள்ளினார். என் கையில் பாலும் சீனியும் இரட்டிப்பாய்ப் போட்ட தன் ‘டபுள் டபுள்’ கோப்பியைப் பிடிக்கத் தந்துவிட்டு உலையடிக்குப் போனார். ரோசத்தில் எனக்குக் காது சூடானது. ஆனாலும் கோப்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நின்றதால் பிழைத்தேன். அன்று நான் பார்த்ததை இன்றைக்கும் மறக்க முடியாது.

கரி உலையில் ஒரு துண்டு உருக்கு வெளிறிச் சிவந்து கிடந்தது. அதை எடுத்து அடிப்பார், மடிப்பார், மறுபடி உலையில் வைப்பார். சலிப்பே கிடையாது. ஒவ்வொரு மடிப்புக்கும் கழிவு பொரிப்பொரியாய் உதிரும். பிறகு அந்த வன்மையான உருக்கை நடுவில் வைத்து, இரண்டு பக்கமும் மெல்லிரும்பை வைத்து, மூன்றையும் ஒன்றாக அடித்தார். உள்ளே இருக்கிறது வெட்டும், வெளியே இருக்கிறது தாங்கும் என்று துளசி எனக்குச் சொன்னாள். வன்மை மட்டும் இருந்தால் உடையும், மென்மை மட்டும் இருந்தால் வளையும். எங்கள் ஊரில் சில கலியாணங்கள் நிலைக்கிறதும் இதனால்தான் என்று நான் சொன்னதை அவள் மொழிபெயர்த்தாள். அந்த மனுஷன் சுத்தியலை வைத்துவிட்டுச் சிரித்தார். அதன் பிறகுதான் எனக்கு ஒரு கதிரை தந்தார்.

வாளைத் தண்ணீரில் தோய்க்கிற நேரம் வந்ததும் பட்டறையின் விளக்குகளை எல்லாம் அணைத்தார். சூடேறிய இரும்பின் நிறம் வெளிச்சத்தில் பொய் சொல்லுமாம். இருட்டில் அந்த நேர்வாள் கிச்சிலிப்பழம்போலச் செம்மஞ்சளாக ஒளிர்ந்தது. அவர் ஒரு சொல்லைச் சொன்னார். ‘ஹுவோஹோ’ என்று என் காதில் விழுந்தது.

‘ஃபயர்... டைமிங் மாதிரி’ என்றாள் துளசி. ‘சமையலுக்கும் அதைத்தான் சொல்லுவினம் அன்ரி. எப்ப இறக்கிறது எண்டு தெரியிறது.’

‘பதம்’ என்றேன்.

அவள் அந்தத் தமிழ்ச் சொல்லை அவருக்குச் சொன்னாள். அவர் ‘பாதம், பாதம்’ என்று இரண்டு தரம் சொல்லிப் பார்த்துவிட்டு வாளைத் தண்ணீரில் விட்டார். பிறகு நான் எப்போது போனாலும் ‘பாதம்!’ என்றுதான் வரவேற்பார். நானும் திருத்தவில்லை. காலைக் கும்பிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம்.

தோய்த்த வாளை அவர் அப்படியே நம்பிவிடுவதில்லை. வளைத்துப் பார்ப்பார், மரக்கட்டையில் அடிப்பார், நகத்தால் சுண்டிக் காதைக் கொடுப்பார். நல்ல வாள் மணிபோல இழுத்துச் சத்தமிடும். எங்களுக்காக அடித்த முதல் வாள் அந்தச் சோதனையிலேயே முறிந்தது. அவர் துண்டுகளைப் பெட்டிக்குள் போட்டுவிட்டு, ‘உடையிறதெண்டா என்னட்ட உடையட்டும்’ என்று துளசி மூலம் சொன்னார். கோபமும் இல்லை, துக்கமும் இல்லை. நான் இந்தத் தொழிலில் எத்தனையோ கெட்டிக்காரரைப் பார்த்திருக்கிறேன். தான் செய்ததைத் தானே இப்படிச் சந்தேகிக்கிற ஒருவரை அதுவரை பார்த்ததில்லை.

கடைசியில் இரண்டு வாள்கள் தந்தார். கல்லில் தேய்த்துத் தேய்த்து, உருக்கின் மடிப்புகள் நீரோட்டம்போலத் தெரிகிற அளவுக்கு மினுக்கியிருந்தார். கூர் வைக்கவில்லை. கூர் வைப்பதை அவர்கள் ‘திறப்பது’ என்பார்களாம். திறக்காத வாளே எங்களுக்கு வேண்டியது. நான் இரண்டையும் சுண்டிப் பார்த்தேன். இரண்டும் பாடின.

இனித்தான் எங்கள் சினிமா ஆட்களால் மட்டுமே செய்யக்கூடிய பிழை வருகிறது. படக்குழுவில் எங்கள் பிரிவில் புதுப் பொருளைப் பழசாக்குவதற்கென்றே ஒருவர் இருந்தார். நேற்றுத் தைத்த சப்பாத்தை நாலு தலைமுறை நடந்ததுபோல ஆக்கித் தருவார். அப்படி ஒரு கைகாரன். காவல்காரியின் வாள் அவளுடைய பாட்டன் காலத்தது என்று கதையில் வருகிறதாம். டிறெக்டர் அவரிடம் நேரே போய்ச் சொல்ல, அவர் அந்த வாளை எடுத்து அமிலத்துக்குள் போட்டு ஊறவைத்துவிட்டார். அலுமினியத் தகட்டுக்கும் சாதாரண இரும்புக்கும் எத்தனையோ தரம் செய்த வேலைதான். கழுவி, எண்ணெய் பூசி, துணியில் சுற்றிப் படப்பிடிப்புக்கே அனுப்பிவிட்டார். எனக்கு ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

அஜக்ஸுக்கு அப்பால் ஒரு பழைய கல்லுடைக்கிற பள்ளத்தில் படப்பிடிப்பு. பின்னேர வெயில் பாறையில் மஞ்சளாக விழுகிற அந்தக் கொஞ்ச நேரத்துக்காகத்தான் டிறெக்டர் காலையிலிருந்து காத்திருந்தார். அடுத்த நாள் அந்த இடமும் இல்லை, கதாநாயகிக்குப் பதிலாகச் சண்டை பிடிக்கிறவளும் வேறு வேலைக்குப் போய்விடுவாள். எடுத்தால் இப்போது எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் படத்தில் அந்தச் சண்டையே இராது என்று காலையிலேயே சொல்லிவிட்டார்கள். துளசி உடுப்பும் ஒப்பனையுமாக நின்றாள். அவ்வளவு வடிவாக அவளை நான் ஒருநாளும் கண்டதில்லை.

துணியைப் பிரித்ததும் எல்லோரும் ‘ஆ’ என்றார்கள். புதைகுழியிலிருந்து தோண்டி எடுத்த வாள்போல இருந்தது. வாள் மோதுகிற அழகைப் பார்க்கட்டும் என்று நான்தான் ஷிஃபுவையும் கூட்டிவந்திருந்தேன். அவர் வாளைப் பார்த்ததும் என்னவோ சொன்னார். துளசி சிரித்தாள். ‘என்ர பிள்ளையை ஆர் ஒரு இரவில கிழவனாக்கினது எண்டு கேக்கிறார்.’ நானும் சிரித்தேன்.

அவர் வாளைக் கையில் வாங்கினார். பிடிக்குக் கிட்டவாகச் சுண்டினார். நடுவில் சுண்டினார். நுனிக்குக் கிட்டவாகச் சுண்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். பிறகு துளசியைப் பார்த்து ஒரே ஒரு சொல் சொன்னார்.

‘என்னவாம்?’ என்று டிறெக்டர் கேட்டார்.

‘வாள் அமைதியா இருக்காம்’ என்று துளசி இங்கிலீஷில் சொன்னாள்.

டிறெக்டருக்கு மகா சந்தோசம். எல்லோரும் இடத்துக்குப் போங்கள் என்று கத்தினார். கமெராக்காரர் ஓடினார், விளக்குக்காரர் ஓடினார். நான் மட்டும் ஷிஃபுவின் கையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு வாளை ஒருவரிடம் கொடுப்பதானால் அந்த மனுஷன் இரண்டு கையாலும் நீட்டித்தான் கொடுப்பார். பட்டறையில் எத்தனை தரம் பார்த்திருக்கிறேன். இப்போது கொடுக்கவில்லை. வாளைத் தன் உடம்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றார். துளசி கையை நீட்டிக்கொண்டே நின்றாள்.

நான் துளசிக்குக் கிட்டப் போனேன். ‘பிள்ளை, அவர் சொன்ன சொல் என்ன?’

‘யா எண்டு சொன்னவர்.’

‘எண்டா?’

‘குவயட் மாதிரி, அன்ரி. வெயில் போகுது...’

‘கதைக்காம இருக்கிற அமைதியோ, கதைக்கேலாத அமைதியோ?’

அவள் மணிக்கட்டுப் பட்டியை இழுத்து இறுக்கினாள். அது ஏற்கெனவே இறுக்கமாகத்தான் இருந்தது. என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

‘கதைக்கேலாத’ என்றாள்.

‘ஊமை.’

‘ஓம், அன்ரி. ஊமை.’

சட்டி பானை சுண்டிப் பார்த்து வாங்கின எவருக்கும் அந்தச் சொல் போதும். கீறல் விழுந்த சட்டி ஊமைச் சத்தம்தான் போடும். வெளியே ஒன்றும் தெரியாமல் உள்ளே பட்ட அடியை நாங்கள் ஊமைக்காயம் என்கிறோம். சீனத்து மனுஷனும் யாழ்ப்பாணத்து மனுஷியும் ஒரே சொல்லில் வந்து நின்றோம். மற்ற வாளைச் சுண்டினேன், பாடியது. ஷிஃபுவின் கையில் இருந்ததைச் சுண்டினேன். டப் என்றது.

டிறெக்டரிடம் போய், ‘இந்த வாள் கமெராவுக்கு முன்னால் போகாது’ என்றேன்.

பிறகு நடந்ததை உங்களால் ஊகிக்க முடியும். வெடிப்பு எங்கே, காட்டு என்றார். என் பூதக்கண்ணாடியால் பார்த்தேன். எங்கள் கைகாரன் பூசிய பழமை வாளை முழுக்க மூடியிருந்தது. ஆயிரம் வெடிப்புப்போல ஆயிரம் கறை. காட்ட முடியாது என்றேன். அப்படியென்றால் எதை வைத்துச் சொல்கிறாய் என்றார். வாள் ஊமை என்று ஷிஃபு சொல்கிறார், எனக்கும் அப்படித்தான் கேட்கிறது என்றேன். இங்கிலீஷில் சொல்லும்போது அது எவ்வளவு விசர்க்கதையாக இருந்தது என்பது எனக்கே விளங்கியது. ஐம்பது பேர் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். வெயில் பாறையில் ஏறிக்கொண்டிருந்தது. இது பிழையானால் இந்த நகரத்தில் இனி ஒருவரும் எனக்கு வேலை தரமாட்டார்கள் என்றும் தெரியும்.

அதைவிட மோசம், துளசி வந்து என் கையைப் பிடித்தது. ‘அன்ரி, ப்ளீஸ். ஒரே ஒரு ரேக் எடுப்பம். நான் கவனமா இருப்பன். எனக்கு ஏதும் நடந்தா அது என்ர பிழை.’

‘உன்ர பிழையா இருக்காது பிள்ளை. உன்ர கண்ணா இருக்கும்’ என்றேன். அவள் என் கையை உதறிவிட்டாள்.

எங்கள் சத்தத்தில் பாதிகூட ஷிஃபுவுக்கு விளங்கியிராது. அவர் துளசியிடம் ஏதோ கேட்டார். அவள் அழுகிற குரலில் பதில் சொன்னாள். அவர் தலையாட்டிவிட்டு, கமெராச் சாமான்களை மூடிவைக்கிற தடித்த போர்வை ஒன்றை எடுத்து வாளைச் சுற்றினார். பிடி மட்டும் வெளியே தெரிந்தது. எனக்கு விளங்கிவிட்டது. வேண்டாம், எத்தனை மாத வேலை, வாளை ஒதுக்கி வைத்தால் போதும் என்று தடுக்கப் போனேன். ‘பாதம்’ என்றார் என்னிடம், மெதுவாக, சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல. பிறகு வாளின் தட்டைப் பக்கத்தைப் பாறையில் ஓங்கி அடித்தார்.

மணிச் சத்தம் வரவில்லை. போர்வையைப் பிரித்தபோது நுனிப்பக்கம் ஒரு சாண் துண்டு தனியாகக் கிடந்தது. அவர் உடைந்த வாயை டிறெக்டருக்கு நீட்டிக் காட்டினார். புதிதாக உடைந்த இடம் சீனிபோல மினுங்கியது. விளிம்பிலிருந்து நடுவரைக்கும் மட்டும் துருப்போலக் கபில நிறத்தில் ஒரு கோடு. அது பழைய வெடிப்பு, அமிலம் குடித்த இடம். தண்ணீரில் தோய்த்த உருக்குக்குள் எப்போதும் ஓர் இழுபறி இருக்குமாம். அமிலத்தில் கிடந்த நேரத்தில் அது வழி கண்டுபிடித்துவிட்டது. வாள்கள் மோதும்போது அந்தச் சாண் துண்டு துளசியின் நெற்றிக்கு நேரே இருந்திருக்கும்.

ஷிஃபு ஏதோ சொன்னார். ‘இப்பதான் வாள் கதைச்சதாம்’ என்றாள் துளசி.

டிறெக்டரைப் பற்றிக் குறை சொல்ல மாட்டேன். அந்த மனுஷன் தொப்பியைக் கழற்றிவிட்டு, துண்டைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு மூங்கில் வாள்களைக் கொண்டுவரச் சொன்னார். மிச்சமிருந்த வெளிச்சத்தில் அந்தச் சண்டையை எடுத்தார்கள். தீப்பொறியும் சத்தமும் பிறகு கொம்பியூட்டரில் சேர்த்தார்கள். துளசியின் முகம் படத்தில் வந்தது. கண்கள் சிவந்திருந்ததைக் கோபம் என்று எல்லோரும் பாராட்டினார்கள்.

பழசாக்குகிறவர் செய்தி கேட்டு நடுங்கிப்போனார். ஷிஃபு அவரை ஏசவில்லை. பட்டறைக்குக் கூப்பிட்டு, தங்கள் முறையில் வாளின் மடிப்புகளை அமிலத்தால் எப்படித் துலக்குவது, ஏன் கண்ணை எடுக்காமல் நின்று துடைத்துத் துடைத்துச் செய்ய வேண்டும் என்று காட்டிக் கொடுத்தார். நானும் போயிருந்தேன். இரண்டு கைகாரரும் ஒரு துணித் துண்டை மாறி மாறி வாங்கி வாளைத் துடைத்ததைப் பார்க்க எனக்குக் கண் நிறைந்தது.

ஆகவே பிள்ளைகளே, வெடிப்பைக் காட்டச் சொல்வார்கள். காட்ட முடியாத நேரத்திலும் நீங்கள் நிறுத்த வேண்டியிருக்கும். ஷிஃபு உடைத்துக் காட்டாமல் விட்டிருந்தாலும் என் தீர்ப்பு சரிதான். அவர் அடித்தும் வாள் உடையாமல் இருந்திருந்தாலும் சரிதான். அதைச் சொல்லி முடித்துவிடலாம் என்றுதான் முதலில் இருந்தேன்.

ஆனால் எழுதுவதற்கு முன் துளசியிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று நினைத்தேன். அவள் இப்போது சண்டைக் காட்சிகளை வகுத்து நடத்துகிறவள். உங்களில் பலர் அவளுக்குக் கீழேதான் வேலை செய்யப் போகிறீர்கள். போன கிழமை வீட்டுக்கு வந்தாள். தேத்தண்ணி ஊற்றிக்கொடுத்து, இப்படி இப்படி எழுதப் போகிறேன், உனக்கு அந்தச் சொல் சரியாகத் தெரியாததால் நடந்த மயக்கத்தையும் எழுதலாமா என்று கேட்டேன்.

அவள் கோப்பையைக் கீழே வைத்தாள்.

‘எனக்கு அந்தச் சொல் தெரியும் அன்ரி. முதல் தரம் அவர் சொல்லேக்கயே தெரியும்.’

நான் அவளுக்கு எதிரே உட்கார்ந்தேன்.

‘எல்லாரும் ஓடத் தொடங்கீற்றினம். நானும் வாளுக்குக் கையை நீட்டீற்றன். நீங்கள் வந்து கதைக்காத அமைதியோ, கதைக்கேலாத அமைதியோ எண்டு கேட்டீங்கள். குவயட் எண்டு திருப்பியும் சொல்லியிருக்கலாம். உங்களுக்குச் சைனீஸ் தெரியாது. ஆருக்கும் தெரிஞ்சிருக்காது. சொல்லத்தான் வாயைத் திறந்தனான்.’

இத்தனை காலமும் அந்தப் படப்பிடிப்பை நிறுத்தினவள் நான் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்திருக்கிறேன். நான் கேட்டது ஒரு கேள்வி. என்னிடம் இழப்பதற்கு ஒரு வேலை இருந்தது, அவ்வளவுதான். தன் முகத்தை உலகம் பார்க்கப்போகிற ஒரே காட்சியைத் தன் வாயாலேயே இல்லாமலாக்கத் துணிந்தவள் அவள். யாருடைய வாய்ப்பு முழுதும் அந்தப் பதிலில் தங்கியிருக்கிறதோ, அவரிடம் இரண்டாம் தரமும் கேளுங்கள். முதல் தரம் ஆசை பதில் சொல்லிவிடும். இரண்டாம் தரத்தில்தான் ஆசைக்குப் பின்னாலிருந்து அந்த ஆள் வருவார்.

இதை எழுதவேண்டாம், விட்டுவிடுவோம் பிள்ளை என்றேன்.

‘இல்ல, எழுதுங்கோ அன்ரி’ என்றாள். ‘என்ர பேரையும் போடுங்கோ.’

போட்டிருக்கிறேன்.